காருக்கு ஆவி பிடித்த கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

 

சளி பிடிச்சா நம்ம வீட்ல என்ன செய்வாங்க? ஒரு குண்டான்ல தண்ணியைக் கொதிக்க வெச்சு, நொச்சி இலையைப் போட்டு, தலையோட போர்வையைப் போத்தி ஆவி பிடிக்கச் சொல்வாங்க. அஞ்சு நிமிஷத்துல உள்ள கட்டிக்கிட்டு இருந்ததெல்லாம் இளகி வெளிய வந்துரும். இன்னிக்கு எபிசோட், ஒரு காருக்கு ஆவி பிடிச்ச கதை. அப்பாவோட கார். வெளிய வந்தது வெறும் அழுக்கு மட்டும் இல்லைங்கிறதாலதான் இதை ஒரு எபிசோடாவே பேசணும்னு தோணுச்சு.

எங்க ஊர் ராஜபாளையம். நான் சென்னைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. அப்பா ஒரு நூற்பு மில்லுல டைம் ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட ஒரு பழைய டீசல் ஹேட்ச்பேக் இருக்கு. 12 வருஷ வண்டி. போன ஐப்பசியில போன் பண்ணி, "பாப்பா, வண்டியை வித்துரலாம்னு இருக்கேன்"னார். ஏம்பான்னு கேட்டா, "போதும்மா. முன்ன மாதிரி ஓட்ட முடியலை"ன்னு முடிச்சுட்டார். அதுக்கு மேல அவர் பேச மாட்டார்.

வாங்க ஒரு ஆளும் ரெடியா இருந்தார். தளவாய்புரத்துத் தம்பி ஒருத்தர். நைட்டின்னாலே அந்தப் பக்கம் தளவாய்புரம்தான் ஞாபகம் வரும், ஊரே தைக்கும். இந்தத் தம்பி நைட்டி பண்டல்களைக் கார்ல ஏத்தி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியா புனலூர், கொல்லம் வரைக்கும் கடை கடையாப் போட்டுட்டு வர்ற வியாபாரம் பண்றவர்.

நான் என்ன நினைச்சேன்னா, விக்கிறதுக்கு முன்னாடி வண்டியைப் பளிச்சுன்னு ஆக்கினா ஒரு இருபதாயிரம் கூடக் கேக்கலாமே. அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போயி, சனிக்கிழமை காலைல வண்டியை எடுத்துக்கிட்டு வன்னியம்பட்டிப் பக்கம் கிளம்பினேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற ஊர். அங்க ரோட்டோரத்துல ஒரு வாட்டர் சர்வீஸ் கடை. தென்னந்தோப்பு நிழல், ஒரு லிப்ட், ஒரு கம்ப்ரசர், புதுசா ஒரு நீராவி மெஷின். அவ்வளவுதான்.

"விக்கவா, ஓட்டவா?"

கடை அண்ணாச்சி பானெட்டைத் திறந்து பார்த்தார். முதல் கேள்வியே, "பாப்பா, இது விக்கவா, ஓட்டவா?"

"ஏன் அண்ணாச்சி, ரெண்டுக்கும் வேற வேற ரேட்டா?"

"ரேட்டு ஒண்ணுதான். விக்கிறதுன்னா கடைசியில பளபளப்புக்கு ஒரு ஸ்பிரே அடிக்கச் சொல்வாங்க. ஓட்டுறதுன்னா நான் அடிக்க மாட்டேன். எண்ணெய் எங்க கசியுதுன்னு கண்ணுக்குத் தெரியணும்லா."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனாலும், "விக்கத்தான் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டேன்.

இதை ஏன் சொல்றேன்னா, நம்மள்ல நிறைய பேர் முதல் காரை செகண்ட் ஹேண்ட்லதான் வாங்குறோம். பானெட்டைத் திறந்தா எஞ்சின் கண்ணாடி மாதிரி மின்னும். "நல்லா வெச்சிருக்காங்கப்பா"ன்னு நம்பிருவோம். பத்து வருஷ எஞ்சின் மேல கொஞ்சம் தூசி இருக்கிறதுதான் இயல்பு. நேத்துக் கழுவின எஞ்சின், கசிவைப் பத்தி நமக்கு எதையும் சொல்லாது. கசிவு திரும்ப வெளிய தெரிய சில நாளாவது ஓடணும்.

இட்லி சட்டியில இருக்கிற அறிவியல்

சரி, தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுக் கழுவுறதுக்கும் நீராவிக்கும் என்ன வித்தியாசம்?

இட்லி சட்டி மூடியை அவசரமாத் திறந்து கையைச் சுட்டுக்கிட்டவங்களுக்கு இது நல்லாவே தெரியும். 100 டிகிரி வெந்நீர் ஒரு கிராம் கையில பட்டு உடம்புச் சூட்டுக்கு ஆறும்போது சுமார் 264 ஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். அதே 100 டிகிரி நீராவி ஒரு கிராம் பட்டா, முதல்ல அது தண்ணியா மாறும்போதே சுமார் 2,260 ஜூலைக் கொட்டிட்டு, அதுக்கப்புறம்தான் ஆற ஆரம்பிக்கும். மொத்தத்துல ஒன்பது மடங்குக்கும் மேல. கையைப் பொசுக்குற அந்த வெப்பம்தான் எண்ணெய்ப் பிசுக்கை இளக்குது. தண்ணி கொஞ்சம், வெப்பம் அதிகம்.

தண்ணி அடிக்கிற பிரஷர் மெஷின்கள் 100 பார் அளவுல எல்லாம் வேலை செய்யும். அந்த வேகத்துக்குத் தண்ணி, கனெக்டருக்குள்ள, ஆல்டர்னேட்டருக்குள்ள, ஃபியூஸ் பாக்ஸ் மூடி இடுக்குலன்னு எங்க வேணும்னாலும் நுழையும். நீராவி மெஷின் 10 பாருக்கு உள்ளதான். கொதிகலனுக்குள்ள 8 பார்ல நீராவி சுமார் 175 டிகிரி இருக்கும். நாசிலை விட்டு வெளிய வந்த உடனே விரிஞ்சு, காத்தோட கலந்து, சூடு மளமளன்னு இறங்கிரும். அதனாலதான் எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம், எவ்வளவு நேரம் ஒரே இடத்துல காட்டுறோம்ங்கிறதுல மொத்த வேலையும் இருக்கு.

இது புது விஷயமும் இல்லை. அமெரிக்காவுல ஃபிராங்க் ஓஃபெல்ட்ங்கிறவர் 1920கள்லயே நீராவியில கழுவுற மெஷினைக் கொண்டுவந்துட்டார். ஜெர்மனியில கேர்ஷர் நிறுவனம் 1950ல ஐரோப்பாவோட முதல் வெந்நீர் பிரஷர் மெஷினைக் கொண்டுவந்துச்சு. எங்க ஊர்க்காரங்களுக்கு நீராவின்னா முதல் ஞாபகம் ரயில்தான். விருதுநகர், தென்காசி ரயில் பாதை 1927ல வந்தது. தாத்தா காலத்துல ரயிலை இழுத்த நீராவி இப்ப பேரன் பேத்தி காரைக் கழுவுது.

எஞ்சினுக்குள்ள ஒரு மெத்தை

எங்க காருக்கு வருவோம். பானெட்டுக்குள்ள பார்த்தா சாம்பல் கலர்ல ஒரு மெத்தை. நிஜமாவே மெத்தைதான். அப்பா பல வருஷம் மில்லுல ப்ளோ ரூம் பக்கத்து ஷெட்லதான் வண்டியை நிறுத்துவார். பஞ்சுப் பொதியைப் பிரிச்சு அடிக்கிற இடம் அது. பறக்குற பஞ்சு எஞ்சினுக்குள்ள போயி, எண்ணெய் ஈரத்துல ஒட்டி, மேல தூசி படிஞ்சு, திரும்பப் பஞ்சு படிஞ்சு, கம்பளி மாதிரி ஆயிருச்சு.

அண்ணாச்சி ஒரு துண்டைப் பிச்சு என் கையில கொடுத்தார். "இது என்ன தெரியுதா? விளக்குத் திரி. எண்ணெயில ஊறின பஞ்சு. அதுவும் சைலன்சர் குழாய் கிளம்புற இடத்துக்குப் பக்கத்துல."

எஞ்சின் சுத்தம்ங்கிறது அழகு சமாச்சாரம் மட்டும் இல்லைன்னு அப்பதான் உறைச்சுது.

அவர் வேலை செஞ்ச வரிசையைச் சொல்றேன். எங்க கொடுத்தாலும் இதைப் பக்கத்துல நின்னு கவனிங்க.

முதல்ல எஞ்சின் ஆறணும். கையை வெச்சா வெதுவெதுன்னு இருக்கிற அளவு. கொதிக்கிற எஞ்சின் மேல திடீர்னு ஈரம் பட்டா எக்ஸாஸ்ட் பக்கத்துல இருக்கிற சென்சார் விரிசல் விடலாம்.

அடுத்து, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டினார். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், காத்து உறிஞ்சுற குழாயோட வாய், கம்ப்யூட்டர் கனெக்டர், எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையால மூடிக் கட்டினார். பிரேக் ஆயில் டப்பா மூடி இறுக்கமா இருக்கான்னு பார்த்தார். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுற சரக்கு. அதுக்குள்ள நீராவி போகவே கூடாது. டப்பாவைப் பார்த்துட்டு, "அளவு கம்மியா இருக்கே"ன்னார். நான் அதைக் காதுலயே வாங்கலை.

அதுக்கப்புறம் உலர்ந்த சுத்தம். பஞ்சை எல்லாம் கையாலயும் பிரஷாலயும் எடுத்துட்டு, காத்து அடிச்சார். அரைச் சாக்கு நிறைஞ்சுது.

அப்புறம்தான் ஆவி. ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, விட்டு விட்டு, கையை ஆட்டிக்கிட்டே. ஒரு கையில நாசில், இன்னொரு கையில துணி. இளகின பிசுக்கை உடனே துடைச்சிரணும். விட்டா ஆறிப்போயி வேற இடத்துல போய் ஒட்டிக்கும். ரொம்பக் கெட்டியா இருந்த இடத்துல மட்டும் கொஞ்சம் டீகிரீசர் தேய்ச்சார்.

"மண்ணெண்ணெய், டீசல் அடிக்க மாட்டீங்களா அண்ணாச்சி?"

"அந்தக் காலத்துல அடிச்சோம். ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப் போயிரும் பாப்பா. தீப்பிடிக்கிற சரக்கை எஞ்சின் மேல அடிக்கிறதே தப்பு. அந்தத் தண்ணி கண்மாய்க்குப் போனா அதுவும் பாவம்."

கடைசியில காத்து அடிச்சு, பானெட்டை ஒரு மணி நேரம் திறந்தே வெச்சார். இன்ஜெக்டர் குழி, பிளக் குழின்னு சின்னச் சின்னப் பள்ளத்துல தண்ணி தேங்கியிருந்தா எஞ்சின் திக்கும். அதுக்காக.

அடியில இருந்த கதை

அடுத்து லிப்ட்ல ஏத்தினார். ஒரு காரை அடியிலேர்ந்து பார்க்கிறது, ரொம்ப நாளாத் தெரிஞ்ச ஒருத்தரோட மெடிக்கல் ரிப்போர்ட்டைப் பார்க்கிற மாதிரி.

எங்க பக்கத்துல செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. சாத்தூர், கோவில்பட்டின்னு கரிசக்காட்டுப் பக்கம் மழையில போயிட்டு வந்தா, களி மண் அப்பிக்கும். கரிசல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிற மண். வெளிய காஞ்சு வெடிச்சிருக்கும், உள்ள ஈரம் இருக்கும். ஈரமும் காத்தும் சேர்ந்து இரும்பைப் பிடிச்சா துருதான். கடலோர ஊர்ல இருக்கிறவங்களுக்கு உப்பும் சேர்ந்துக்கும். இன்னும் வேகமாப் பிடிக்கும். மழைத் தண்ணி வடியறதுக்குக் கதவுக்கு அடியில சின்ன ஓட்டைகள் இருக்கும். அதுவும் மண்ணால அடைச்சுக்கிட்டா, துரு உள்ளயிருந்தே தின்னும்.

அண்ணாச்சி முதல்ல மரக்கட்டையால மண்ணைத் தட்டி எடுத்தார். அப்புறம் ஆவி. ஆக்ஸில் முனையில மடிப்பு மடிப்பா இருக்கிற ரப்பர் பூட், வீல் பேரிங், ஏபிஎஸ் ஒயர் பக்கம் போறப்ப மட்டும் தள்ளிப் பிடிச்சார். பேரிங் கிரீஸ் உள்ள இருக்க வேண்டிய கிரீஸ். அதை இளக்கிறக் கூடாது.

பின் சக்கரத்துக்குப் போற பக்கத்துல, ஒரு கிளிப்புக்கு மேல கை தடிமனுக்கு மண் கட்டியிருந்துச்சு. ஆவி பட்டதும் பொத்துன்னு விழுந்துச்சு. அண்ணாச்சி நாசிலை நிறுத்திட்டு டார்ச்சை எடுத்தார். ரொம்ப நேரம் பேசலை.

"பாப்பா, இங்க வா."

பென்சிலை விட மெல்லிசா ஒரு இரும்புக் குழாய். பிரேக் பைப். கிளிப் பிடிச்சிருந்த இடத்துல துரு செதில் செதிலா உரிஞ்சு, அடியில ஒரு சொட்டு நின்னுச்சு. அவர் துணியால துடைச்சார். திரும்ப ஒரு சொட்டு. தண்ணி இல்லை, வழவழன்னு இருந்துச்சு. என்னை சீட்டுல உக்காந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். சொட்டு ஓட்டமா ஆயிருச்சு.

"வண்டி இங்கயிருந்து நகரக் கூடாது"ன்னார்.

நம்ம கார்கள்ல பிரேக் ரெண்டு தனித்தனி வழியா இருக்கும். ஒரு வழி போனாலும் இன்னொண்ணு பாதி பிடிக்கும். சமதரையில பாதி பிரேக்ல எப்படியோ நிறுத்திரலாம். ஆனா பண்டல் பண்டலா நைட்டியை ஏத்திக்கிட்டு, மழை நாள்ல, ஆரியங்காவு இறக்கத்துல? அந்தத் தம்பியோட முகம் எனக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. அப்புறம் அந்த வண்டியிலதான் அப்பா தினமும் மார்க்கெட்டுக்குப் போறார்ங்கிறதும்.

அப்பாவோட கால்

அப்பாவுக்குப் போன் பண்ணினேன். பஸ் ஏறி வந்தார். முதல் வார்த்தை, "நல்லா ஓடிக்கிட்டு இருந்த வண்டியை ஆவி அடிச்சுக் கெடுத்துட்டீங்களே!"

அண்ணாச்சி கோவிச்சுக்கலை. "ஐயா, ஓட்டையை நான் போடலை. மூடியிருந்த மண்ணைத்தான் எடுத்தேன். ஒண்ணு கேக்குறேன். பிரேக் ஆயில் அடிக்கடி ஊத்துவீங்களா?"

அப்பா கொஞ்ச நேரம் கழிச்சு, "ரெண்டு தடவை குறைஞ்சுது. ஊத்தினேன்"னார்.

"மிதிச்சா பெடல் ஆழமாப் போகுமா?"

அப்பா பதில் சொல்லலை. வண்டியைப் பார்த்துக்கிட்டே நின்னார். அப்புறம் என்கிட்ட மெதுவாச் சொன்னார்: "எனக்குத்தான் வயசாயிருச்சு, கால்ல பலம் இல்லைன்னு நினைச்சேன் பாப்பா. ரெண்டு மாசமா முன்ன மாதிரி நிறுத்த முடியலை. ஒரு நாள் பஜார்ல ஒரு சைக்கிள்காரர் மேல இடிக்கப் பார்த்தேன். அதான் வித்துரலாம்னு…"

நான் இருபதாயிரம் ரூபாய்க்காக வந்தவ. அவர் தன்னோட கால் தன்னைக் கைவிட்டுருச்சுன்னு ரெண்டு மாசமா யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கார். போன்ல தினமும் பேசுறோம். "சாப்டியா", "சாப்டீங்களா". அவ்வளவுதான் பேசியிருக்கோம்.

அண்ணாச்சி ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு விட்டார். ஒட்டுப் போடுற வேலையே கிடையாதுன்னு, பின்னாடி போற ரெண்டு பைப்பையும் புதுசா மாத்தி, பழைய ஆயிலை முழுக்க எடுத்து, காத்து எடுத்துக் கொடுத்தார். பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு பொதுவாச் சொல்வாங்க. நாங்க எப்ப மாத்தினோம்னு எங்களுக்கே ஞாபகம் இல்லை. அது எங்க தப்பு.

சாயங்காலம் அப்பாவே ஓட்டினார். கொஞ்ச தூரம் போயி, ரோடு காலியா இருந்த இடத்துல ஒரு தடவை பிரேக்கை மிதிச்சார். வண்டி நச்சுன்னு நின்னுச்சு. திரும்பவும் ஒரு தடவை. மூணாவது தடவை அவசியமே இல்லை, சும்மா மிதிச்சார். "காலு நல்லாத்தான் இருக்கு"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அண்ணாச்சி பளபளப்பு ஸ்பிரேயை எடுக்கவே இல்லை. நானும் கேக்கலை.

தளவாய்புரத்துத் தம்பி

அன்னிக்கு ராத்திரி அப்பா அந்தத் தம்பிக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னார். "மாத்தியாச்சு தம்பி. ஆனா இப்ப விக்கிறதா இல்லை. மன்னிச்சுக்கோங்க." தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சீசன் நேரம். ஆனா ஒரு வாரம் கழிச்சு அவர் வேற ஒரு வண்டியைப் பார்த்துட்டு, முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, விக்கிறவரையும் கூட்டிக்கிட்டு நேரா வன்னியம்பட்டிக்குப் போயி லிப்ட்ல ஏத்தியிருக்கார். அண்ணாச்சி அவர்கிட்ட சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு: "கழுவினதைப் பாக்காதீங்க தம்பி, கழுவுறதைப் பாருங்க."

உங்களுக்காகச் சில விஷயங்கள்

முடிக்கிறதுக்கு முன்னாடி, நீங்க நிச்சயம் கேக்கப்போற கேள்விகள்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? அடிப்பக்கம், மழைக்காலம் முடிஞ்சதும் வருஷத்துக்கு ஒரு தடவை போதும். கடலோரம்னா ரெண்டு தடவை. எஞ்சின், தேவைப்பட்டா மட்டும். மாசா மாசம் செய்யற வேலை இல்லை அது. வண்டியோட மேனுவல்ல எஞ்சின் கழுவுறதைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு முதல்ல படிங்க.

எலெக்ட்ரிக் கார்? ஆரஞ்சு கலர் கேபிள் தெரிஞ்சா அது உயர் மின்னழுத்தம். ரோட்டோரக் கடையில அந்தப் பக்கம் ஆவி அடிக்க விடாதீங்க.

அடியில கோட்டிங் அடிக்கலாமா? அடிக்கலாம். ஆனா சுத்தம் பண்ணி, முழுசாக் காய்ஞ்சு, துருவை எடுத்த பிறகுதான். துருவுக்கு மேலயே அடிச்சா, ஈரத்தை உள்ள வெச்சுத் தைக்கிற மாதிரி.

வெள்ளத்துல நின்ன கார்? 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டினப்ப, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள்ல எத்தனையோ வண்டிகள் முங்குச்சு. அப்படி நின்ன வண்டியை ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது. எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருந்தா, ஒரு தடவை சாவியைத் திருகினாலே உள்ள கம்பி வளைஞ்சிரும். ஆவி அடிச்சா வெளிச் சேறு போகும். உள்ள போன தண்ணி போகாது. அப்படிக் கழுவிப் பளபளன்னு விற்பனைக்கு வர்ற வண்டிகளும் உண்டு. சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுத்துப் பாருங்க. அடி நுனியில சேத்துக் கறை இருக்கும்.

கடைசியா ஒண்ணு. உங்க அப்பாவோ அம்மாவோ திடீர்னு, "இனிமே ஓட்ட முடியலை, வித்துரலாம்"னு சொன்னா, உடனே விலை பேசாதீங்க. ஏன்னு கேளுங்க. முதல் தடவை பதில் வராது. ஊருக்குப் போறப்ப பக்கத்து சீட்ல உக்காந்து ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. பிரேக் ஆயில் டப்பாவை ஒரு தடவை பாருங்க. ஒரு நிமிஷ வேலை.

எங்க அப்பா இந்தக் கார்த்திகையில பெரியப்பாவைக் கூட்டிக்கிட்டு குற்றாலம் போயிட்டு வந்தார். ஓட்டினது அவர்தான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பார்த்துப் போங்க.